வாசகர் கேள்வி–பதில்: மலைப் பள்ளியில் காய்கறித் தோட்டமும் கோழிக் கொட்டகையும்

தொடக்கப் பள்ளி வளாகத்தில் காய்கறித் தோட்டம் போடுவது பற்றியும் கூடவே கோழி வளர்ப்பது பற்றியும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்தும் கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. சமவெளிக்கென எழுதப்பட்ட கையேடுகளை நம்பி மலையில் தொடங்கியவர்கள் மழையிலும் உறைபனியிலும் திணறுவது அக்கடிதங்களில் தெரிகிறது. எனவே இம்மாதப் பகுதி முழுவதும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் 38 குழந்தைகள் படிக்கின்றனர். கட்டடத்தின் பின்புறம் சரிவான நிலம் சிறிது சும்மா கிடக்கிறது. வரும் கல்வியாண்டில் அங்கே தோட்டம் போட்டு, இருபது கோழிகளும் வளர்க்க விரும்புகிறோம். பெற்றோர் ஒருவர் கோழிக்குஞ்சுகளை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்க் குளிரைக் கோழிகள் தாங்குமா? எந்த இனத்தை வாங்கலாம்?
— தலைமையாசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, கோத்தகிரி வட்டம்

பதில்: முதலில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எத்தனை கோழி வளர்க்கலாம் என்பதை நிலத்தின் அளவையோ கையிலுள்ள பணத்தையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐப்பசி அடைமழையில் உள்ளூர் விடுமுறை விடப்பட்ட நாளில், பள்ளிக்கு அருகே குடியிருக்கும் ஒருவர் குடை பிடித்து வந்து, எத்தனை கோழிக்குத் தண்ணீர் மாற்றித் தீவனம் வைத்து நனைந்த கூளத்தை அள்ளிப் போட முடியுமோ, அத்தனை கோழியைத்தான் அந்தப் பள்ளி தாங்கும். எங்கள் கணிப்பில் அது ஐந்து அல்லது ஆறு பெட்டைகள். வளர்ந்த கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். தண்ணீர் அதைப்போல் இரு மடங்கு குடிக்கும். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ தீவனம் போதும். இருபது கோழிக்கோ அது 65 கிலோவைத் தாண்டும். அந்த மூட்டைகளை வாங்கிவந்து ஈரமும் எலியும் அண்டாமல் காப்பதே ஒருவருக்கு முழு வேலையாகிவிடும். எச்சத்தின் எடையும் தின்ற தீவனத்தின் எடைக்குக் குறையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவதாக, கோழியையும் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். தோட்டம் முதலாண்டு, கோழி அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் எவரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் முள்ளங்கிப் பாத்தி பிழைத்துக்கொள்ளும், கோழி பிழைக்காது. ஓராண்டுத் தோட்ட வேலையில் யார் தவறாமல் வருகிறார்கள், எந்தப் பெற்றோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள், காலாண்டு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் கோடையிலும் வளாகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பவை தெளிவாகிவிடும். அதன்பின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, விடுமுறை நாட்களின் பொறுப்பை மூன்று குடும்பங்களுக்குப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்த பிறகு கோழி வாங்கலாம். எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட பொறுப்பு மே மாதத்தில் எவருக்கும் உரியதாக இருப்பதில்லை.

குளிரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இறகு முழுதாக முளைத்த கோழி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் ஊரின் மார்கழி இரவையும் தாங்கும். அது தாங்காதது ஈரமும் நேராக அடிக்கும் காற்றும்தான். உங்கள் பக்கத்திலும் குன்னூர்ப் பக்கத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் மழையே பெருமழை. குந்தா, கூடலூர் பகுதிகள் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. எனவே கொட்டகையின் எந்தப் பக்கத்தைப் பலகையால் அடைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்களுக்கு வடக்கும் கிழக்கும் அடைபட வேண்டும். ஆனால் முழுவதும் அடைத்துவிடக் கூடாது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வெளியேற, கோழி உறங்கும் சட்டத்துக்கு மேலே, கூரை விளிம்பின் கீழ் வலை போட்ட இடைவெளி தேவை. காலையில் கதவைத் திறந்து, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது என்று பொருள்.

ஆறு கோழிக்கு ஆறடிக்கு நான்கடித் தளம் தாராளம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தளம் அமைந்தால் ஈரம் ஏறாது. எலியும் அடியில் குடியேறாது. தகரக் கூரையாயின் மூடுபனி நாட்களில் அதன் உட்புறம் நீர் கோத்துக் கூளத்தின்மேல் சொட்டும் என்பதால், அடியில் ஒட்டுப்பலகையோ பாயோ வைத்துத் தடுக்க வேண்டும். உறங்கும் சட்டம் இரண்டு அங்குல அகலமுள்ள தட்டையான மரமாக இருப்பது நல்லது. கோழி அமரும்போது வயிற்று இறகு கால்விரல்களை மூடிக்கொள்ளும். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டிகள் இரண்டு போதும். அவை உறங்கும் சட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையேல் கோழிகள் பெட்டிக்குள்ளேயே உறங்கி அசுத்தப்படுத்தும். தரைக்கூளத்துக்கு உமி வேண்டுமென்றால் கீழே சமவெளியிலிருந்து வர வேண்டும். மர அறுவை ஆலையின் இழைப்புத் தூளும், தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த சருகும் அதற்கு ஈடாகும். மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, கட்டி தட்டாமல் அடிக்கடி கிளறிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த சருகை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் தூள் கோழியின் நுரையீரலைக் கெடுக்கும்.

இலவசக் குஞ்சுகளை நன்றியோடு மறுத்துவிடுவதே சரி. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி அளவு குறைத்துக்கொண்டே வரலாம். இரவில் ஆளில்லாத பள்ளியில், மழைக்கு மின்சாரம் போகும் ஊரில், இது நடக்கிற காரியமாகாது. கரி அடுப்பு வைத்து வெப்பமூட்டினால் மூடிய அறையில் நச்சுப்புகை சேரும் ஆபத்தும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போடப்பட்ட, இரண்டரை முதல் மூன்று மாத வயதுள்ள பெட்டைகளை மாசி, பங்குனியில் வாங்குங்கள். பெருமழைக்கு முன் அவை இடத்துக்குப் பழகி, முட்டையிடவும் தொடங்கிவிடும்.

இனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாட்டுக்கோழியான சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அடை காக்கும், ஓடித் தப்பிக்கும், எதையும் கிளறித் தின்னும். புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கப்பட்ட நந்தனம் கோழி, கிராமப்ரியா, வனராஜா போன்றவை அதைவிடக் கூடுதலாக இடும். சிறுவிடை மூன்றும் இவற்றில் ஓர் இனத்தில் மூன்றும் சேர்த்து வளர்ப்பதை நாங்கள் விரும்புவோம். எந்தக் கோழி எத்தனை முட்டையிட்டது, எது எவ்வளவு எடை என்று நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் குறித்து வைத்து வரைபடம் போடுவதற்கு அந்த வேறுபாடு பெரிதும் உதவும். சேவல் வேண்டாம். அதன் கால்முள் எழும் உயரமும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கண் உயரமும் ஒன்றே.

சரிவான நிலம் என்பதால் ஒரு சொல். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக வெட்டுங்கள். பெருமழைப் பகுதியில் படிமட்டங்கள் உட்புறமாகச் சற்றே சாய்ந்திருந்தால்தான் மண் தங்கும். கொட்டகையைக் குடிநீர்த் தொட்டிக்கோ சமையற்கூடத்துக்கோ மேற்புறச் சரிவில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கோழிகளின் எச்சத்தைச் சேர்த்து வைத்து பீன்ஸ் பாத்தியில் இட்டோம். ஒரு வாரத்தில் கன்றுகளின் இலை ஓரம் கருகி, பாதிக்கு மேல் செத்துவிட்டன. பனி அடித்திருக்குமோ என்று பார்த்தால் அது பனிக்காலமும் இல்லை. கோழி எரு நல்லதென்றுதானே சொல்கிறார்கள்?
— இடைநிலை ஆசிரியர், மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்

பதில்: நல்ல எருதான், பச்சையாக இட்டதுதான் கன்றுகளைக் கொன்றது. தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீத அளவில்தான் இருக்கும். கோழி எருவில் அது 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரண்டரை சதவீதத்துக்குக் குறையாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் அது விரைவாக அம்மோனியாவாக மாறும். அதுதான் இளவேரைச் சுடும். மேலும், அவரை இனமாகிய பீன்ஸ் தன் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளக் கூடியது. அதற்கு இவ்வளவு வீரியமான எரு தேவையே இல்லை. முட்டைக்கோஸ், பூக்கோஸ், பீட்ரூட் ஆகியவையே கோழி எருவுக்கு நன்றி சொல்லும் பயிர்கள்.

எச்சத்தை மட்டும் தனியாகக் குவிக்காமல் தரைக்கூளத்தோடு சேர்த்து அள்ளுங்கள். ஒரு கூடை எருவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்ற அளவில் அடுக்கி, பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசியும் ஈரத்துக்கு நீர் தெளிக்க வேண்டும். சீகை மரத்து இலை நன்றாக மட்கும். பைன் ஊசியும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்து இலையும் மட்க நெடுங்காலம் எடுக்கும் என்பதால் அவற்றைக் குறைவாகச் சேர்க்கலாம். உங்கள் ஊர்க் குளிரில் குவியலின் அளவு முக்கியமானது: மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறைந்த குவியல் உள்ளே சூடேறுவதில்லை. நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறிச் சில நாட்கள் நின்றால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவி ஆசிரியர் தொட்டுப் பார்க்கட்டும். பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருந்தால் நன்றாக வேலை நடக்கிறது. சூடு தணிந்ததும் வெளிப்புறத்தது உள்ளே போகுமாறு புரட்டிப் போட வேண்டும். மழை நேரடியாக விழுந்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடைக்குப் போய்விடும். எனவே மேலே மூடாக்கு அவசியம். நான்கைந்து மாதம் கழித்து, கருத்து, பொடிந்து, மண் வாசனை வந்த பிறகு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் இட்டால் போதுமானது.

குழந்தைகள் இருக்கும் இடமாதலால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரட்டையும் முள்ளங்கியையும் பிடுங்கி, உடுப்பில் துடைத்துவிட்டு அப்படியே கடிப்பது மலைக் குழந்தைகளின் வழக்கம். மட்காத எரு இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் காய்க்கு 120 நாட்களும் மற்றவற்றுக்கு 90 நாட்களும் கழிந்த பிறகே அறுவடை செய்ய வேண்டுமென்பது அமெரிக்கா போன்ற நாடுகளின் இயற்கை வேளாண்மை விதிகளில் உள்ள கணக்கு. அறுவடை முடிந்த பாத்தியில் கோழிகளைக் கிளற விடுவது புழுக்களை ஒழிக்க மிகவும் நல்ல முறை என்றாலும், அங்கே விழும் எச்சமும் பச்சை எருதான். ஆகையால் அந்தப் பாத்தியில் அடுத்ததாகச் சமைத்து உண்ணும் முட்டைக்கோஸ் போன்றவற்றை நடுங்கள். கேரட் அதற்கடுத்த போகத்தில் வரட்டும்.

நம் மலை மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை மிக்கது. சுண்ணாம்போ டோலமைட்டோ இட வேண்டியிருக்கும். மண் பரிசோதனை செய்து அளவைத் தெரிந்துகொண்டு இடுங்கள். ஆனால் சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்து இட வேண்டாம். அப்படிச் செய்தால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். இடையில் இரண்டு, மூன்று வாரம் இருக்கட்டும்.

கேள்வி: ஊரார் நடும் பருவத்தில்தான் நாங்களும் நடுகிறோம். ஆனால் பயிர் நன்றாக நிற்கும்போது கோடை விடுமுறை வந்துவிடுகிறது. குழந்தைகள் அறுவடையைப் பார்ப்பதே இல்லை. டிசம்பரில் நட்டால் உறைபனியில் எல்லாம் கருகிவிடுகிறது. என்ன செய்வது?
— உதவி ஆசிரியை, குந்தா வட்டம்

பதில்: கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்ற மலையின் மூன்று பயிர்ப் பருவங்களில் முதலாவது, மார்ச், ஏப்ரலில் விதைத்து ஆனி, ஆடியில் எடுப்பது, அது விவசாயிக்கு ஏற்றது, பள்ளிக்கு ஏற்றதன்று. உங்கள் கணக்கு, பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்கட்டும். ஜூன், ஜூலையில் உங்கள் பக்கத்து மழை நேரடியாக விதைத்த சிறு விதையை அடித்துச் சென்றுவிடும் என்பதால், அந்த இரு மாதங்களிலும் தாழ்வாரத்தில் தேங்காய்ச் சிரட்டைகளில் முட்டைக்கோஸ், நூல்கோல் நாற்றுகளை வளர்ப்பதும், பாத்தியை உயர்த்துவதும், பூண்டு ஊன்றுவதும் போதும். ஆகஸ்டு நடுவில் மழை தணிந்ததும் கேரட் விதையுங்கள். 100 முதல் 120 நாளில் விளையும் பயிர் என்பதால், அரையாண்டுத் தேர்வுக்கு முன் குழந்தைகள் கையாலேயே பிடுங்கலாம். ஜனவரி இறுதியில் பீட்ரூட்டும், பிப்ரவரியில் முள்ளங்கியும் பாலக் கீரையும் போட்டால் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். விடுமுறைக்கு முன் கோடைமழையை நம்பி லூபின் என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, ஜூனில் காய் பிடிக்கும் முன் மடக்கி உழுதுவிட்டால் நிலம் வெறுமையாகக் கிடக்காது. அதன் விதை கசப்பும் நச்சும் உள்ளது. ஆகவே முற்ற விடக் கூடாது.

உறைபனி நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரக்கூடியது. குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பாத்தி வளாகத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் இருந்தால் சற்று மேலே மாற்றுங்கள். வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் மாலைகளில் குச்சி நட்டு அதன்மேல் காய்ந்த புல்லையோ சாக்கையோ மூடி, வெயில் வந்தபின் எடுக்க வேண்டும். பீன்ஸும் உருளையும் பனிக்கு உடனே மடியும். முட்டைக்கோஸ், கேரட், பூண்டு ஓரளவு தாங்கும். வேலியோரம் மேரக்காய் (சௌசௌ) கொடி ஏற்றிவிட்டால், பனியில் மேல்தண்டு கருகினாலும் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு இளைப்பு உண்டு. பள்ளியில் கோழி வளர்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதே வளாகத்தில்தான் அங்கன்வாடியும் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் பற்றியும் கேள்விப்படுகிறோம். இதை நான் எதிர்த்தால் தவறாகுமா?
— பெற்றோர் ஒருவர், குன்னூர்

பதில்: உங்கள் கவலையைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள், அது எதிர்ப்பாகாது. நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் என்பதால், அங்கன்வாடிக் குழந்தைகள் கொட்டகைக்குள் நுழையவே கூடாது. வலைக்கு வெளியே நின்று பார்க்கலாம். மற்றவர்கள் கோழியையோ முட்டையையோ தீவனத் தட்டையோ தொட்டவுடன் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவ வேண்டும்; அதற்கான குழாய் கொட்டகை வாசலிலேயே இருக்க வேண்டும். குழாய் இல்லாத பள்ளியில் கோழி வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

இளைப்புள்ள குழந்தை கூளம் அள்ளும் இடத்தில் இருக்கக் கூடாது. கூளத்தை அள்ளுவது பெரியவர்களின் வேலை. பள்ளி நேரத்துக்குப் பிறகு, இலேசாக நீர் தெளித்துத் தூசி அடங்கியபின், முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டியது. உங்கள் மகள் முட்டைகளைக் குறிக்கும் பதிவேட்டையோ தோட்டத்தையோ எடுத்துக்கொள்ளட்டும்.

பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று இறந்தால் எவரும் தொடாமல், கொட்டகையைப் பூட்டிவிட்டு, கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அப்படி இறப்பதற்கு வெள்ளைக்கழிச்சலும் காரணமாக இருக்கலாம். அந்நோய்க்குக் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறது. தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது பள்ளியின் கடமை.

கேள்வி: எங்கள் பள்ளி தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சிறுத்தை நடமாட்டம் உண்டு; கரடியும் யானையும் வருவதுண்டு. நல்ல கம்பி வலை போட்டால் கோழி வளர்க்கலாமா?
— பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், பந்தலூர்

பதில்: உங்கள் பள்ளியில் கோழி வளர்க்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். வலை கோழியைக் காப்பாற்றலாம். ஆனால் கோழியின் வாசனைக்குச் சிறுத்தையும் மரநாயும் வளாகத்தைச் சுற்றத் தொடங்கினால், காலையில் முதலில் வரும் குழந்தையை எது காப்பாற்றும்? 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதியில் சிறுத்தை தாக்கிச் சிறுமி உயிரிழந்த துயரம் உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. தோட்டம் மட்டும் போடுங்கள். அதிலும் யானையை அழைக்கும் வாழையும் பலாவும் கூடாது. மிளகாய், கத்தரி, கீரை, கறிவேப்பிலை போதும். சமையற்கூடக் கழிவைத் திறந்த குழியில் கொட்டினால் கரடி வரும். மூடியுள்ள தொட்டியில்தான் மட்கவைக்க வேண்டும்.

காட்டோரம் அல்லாத பள்ளிகள் கவனிக்க வேண்டியது வேறு. கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோண வலையை நாயும் மரநாயும் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையே வேண்டும். அதன் அடியை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இன்னொன்று: பள்ளி நான்கு மணியளவில் முடிந்துவிடுகிறது, கோழியோ இருட்டும் நேரத்தில்தான் கூடு அடையும். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில்தான் கீரியும் வல்லூறும் எடுத்துச் செல்கின்றன. எனவே மேலேயும் வலை போட்ட உலாவும் இடம், கோழி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி வீதம், கொட்டகையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். மிச்சத் தீவனத்தை இரவில் வெளியே விடக் கூடாது. சுருக்கு வைப்பதும் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உள்ள இடத்தில் அதைப் பற்றி நினைக்கவே கூடாது.

இதையொட்டி ஒன்று. தேயிலைச் செடிகளுக்கிடையே கிளறித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் முட்டையை எடுத்துவந்து வீட்டுக்கோழியின் அடியில் வைக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பறவை. குழந்தைகள் அதைத் தொலைவில் நின்று பார்த்து, கூவலைக் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் நான்கு கோழிகள் இருக்கின்றன, சேவல் கிடையாது. சேவல் இல்லாமல் எப்படி முட்டை வருகிறது? அதை அடை வைத்தால் குஞ்சு வருமா? முட்டை போடுவது நின்றதும் எங்கள் கோழியை விற்றுவிடுவார்களா?
— மாணவி, பூம்பாறை

பதில்: அன்புள்ள பாப்பா, பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை, ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அதைக் கோழியின் உடலே செய்துகொள்கிறது. ஆனால் சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டையில்தான் குஞ்சு வளரும். ஆகையால் உங்கள் பள்ளி முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் பொரிக்காது. குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால், சேவல் உள்ள வீட்டிலிருந்து ஏழெட்டு முட்டை வாங்கி, உங்கள் கோழிகளில் ஒன்று அடைக்கு உட்காரும்போது அதன் அடியில் வைக்கச் சொல். பொரிக்க 21 நாள் ஆகும். ஏழாம் நாள் இரவில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் சிலந்தி வலை போலச் சிவந்த நரம்புகள் தெரியும். குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரப் பல மணி நேரம் போராடும். பாவமென்று நீ உரித்து உதவக் கூடாது, இரத்தம் கசிந்து இறந்துவிடும்.

உன் கடைசிக் கேள்விக்கு உங்கள் ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டும். கோழி முதல் இரண்டாண்டுகளில்தான் நிறைய முட்டையிடும். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆனாலும் பல ஆண்டுகள் உயிர் வாழும். பெரியவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: வயதான கோழியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கோழி வாங்கும் நாளிலேயே முடிவு செய்து குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். யாராவது ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வதாயினும் விற்பதாயினும் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் காலிக் கூண்டைக் காட்டி, பறந்துபோய்விட்டது என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: பள்ளிக் கோழிகள் இடும் முட்டையைச் சத்துணவில் சேர்த்துக்கொள்ளலாமா?
— சத்துணவு அமைப்பாளர், கொடைக்கானல் கீழ்மலை

பதில்: வேண்டாம். சத்துணவில் பள்ளி நாள்தோறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முட்டை அரசே கொடுக்கிறது. அதற்குத் தனிக் கொள்முதலும் பதிவேடும் உண்டு. ஆறு கோழிகள் நாளுக்கு இரண்டு, மூன்று முட்டைதான் தரும். அது அந்தக் கணக்கைக் குழப்புமே தவிர நிரப்பாது. பள்ளி முட்டையை வாரம் ஒருமுறை ஒரு வகுப்புக்கு என்று முறைவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அல்லது ஊரில் விற்றுத் தீவனத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவாயினும் வரவு செலவைக் குழந்தைகளே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். முட்டையை நீரில் ஊறவைத்துக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும். மஞ்சள்கரு கெட்டியாகும் வரை வேகவைத்தே உண்ண வேண்டும்.

கேள்வி: பள்ளித் தோட்டத்தில் நட, ஊட்டியிலிருந்து உறவினர் விதை உருளைக்கிழங்கு அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
— பெற்றோர், கூக்கால்

பதில்: வாங்க வேண்டாம். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1961இல் நீலகிரியில்தான். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது பரவும். நிலத்தில் புகுந்துவிட்டால் பயிர் இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் கூட்டுக்குள் உயிரோடு கிடக்கும். நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பக் கட்டுப்பாடும் அதனால்தான் உள்ளது. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்து, சான்று பெற்ற விதை கிடைத்தால் நடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பாத்தியில் பூண்டு ஊன்றுங்கள்.